கார்வை தள்ளாடுவதற்குச் சுழல்தட்டின் எடை காரணமா?

கானாடுகாத்தான் வளவு:
எங்கள் ஐயா வாங்கி வைத்திருந்த வீணை, நாகசுர இசைத்தட்டுகளைப் பெட்டகத்திலிருந்து எடுத்து, போன மாதம் முதல் கேட்டு வருகிறேன். என்னிடம் இருப்பது பெல்ட்டில் ஓடும் ரெக்கார்டு பிளேயர். அதன் சுழல்தட்டு மெல்லிய அலுமினிய வார்ப்பு. வீணையின் நீண்ட கார்வைகளில், அதாவது ஒரே ஸ்வரம் நீண்டு நிற்கும் இடங்களில், சுருதி மெல்ல ஏறி இறங்குகிறது. இசைத்தட்டின் பக்கம் முடியும் தறுவாயில் அது இன்னும் கூடுகிறது. காரைக்குடியில் தெரிந்த கடைசல் பட்டறை ஒன்று உள்ளது. பித்தளையில் நான்கு கிலோ எடையுள்ள தட்டைக் கடைந்து பொருத்தினால் இக்குறை தீருமா?

கடைசல்காரர்:
தம்பி, கனமான தட்டு சீராக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் எடை எவ்வளவு என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். நடுவுக்கு அருகில் இருக்கும் ஒரு கிலோவை நடுவிலிருந்து இருமடங்கு தொலைவுக்குத் தள்ளி வைத்தால், வேகமாற்றத்தை எதிர்க்கும் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். நல்ல தட்டுகளின் விளிம்பைத் தடிமனாக வார்ப்பது இதனால்தான். பித்தளையில் காந்தம் ஒட்டாது என்பதும் நல்லதே. தோரன்ஸ் டிடி 124 என்ற பழைய ரெக்கார்டு பிளேயரின் இரும்புத் தட்டு, முள்ளைத் தாங்கும் சில கார்ட்ரிட்ஜ்களின் காந்தத்தைக் கீழே இழுத்து முள்ளின் அழுத்தத்தைக் கூட்டிவிடும். எனினும் நான் இதைக் கடையத் தயங்குவேன். மெல்லிய தட்டுக்கென அமைத்த அச்சும் அதன் அடியில் உள்ள சிறு குண்டும் நான்கு கிலோவைத் தாங்கித் தேயத் தொடங்கினால், அந்த உறுமல் முள்வழியே ஒலிபெருக்கிக்கு வந்து சேரும். அதை எந்த எடையாலும் அடக்க முடியாது.

தம்புரா:
பக்கம் முடியும்போது கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் துப்பாகப் படுகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுத்துக்கொள்ளும். தள்ளாட்டம் அதே இடைவெளியில் வந்தால், இசைத்தட்டின் துளை நடுவில் இல்லையோ என்று முதலில் பாருங்கள். துளை அரை மில்லிமீட்டர் விலகினால், நடுவிலிருந்து 100 மில்லிமீட்டரில் வேகம் 0.5 விழுக்காடு ஏறி இறங்கும். பக்கம் முடியும் இடத்துக்கு அருகே, 60 மில்லிமீட்டரில் அது 0.8 விழுக்காட்டைத் தாண்டிவிடும். தம்புராவின் ஒலி தொடர்ந்து நிற்கும் இடத்தில் இதைக் காது உடனே பிடித்துவிடும். முள் பள்ளத்தில் ஓடும்போது அதைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் பக்கவாட்டில் ஊசலாடுகிறதா என்று பாருங்கள். வேறு நான்கு இசைத்தட்டுகளையும் போட்டுக் கேளுங்கள்.

கானாடுகாத்தான் வளவு:
இருவருக்கும் நன்றி. டோன்ஆர்ம் கண்ணுக்குத் தெரியும்படி ஊசலாடுகிறது. மற்ற இசைத்தட்டுகளில் அது இல்லை, கார்வையும் அசையாமல் நிற்கிறது. ஆகவே பித்தளைத் தட்டை விட்டுவிட்டேன். ஆனால் விரிப்பை எடுத்துவிட்டுத் தட்டின் ஓரத்தை விரல்முட்டியால் தட்டியபோது மணிபோல் ஒலித்தது. அதையும் கேட்க வேண்டுமென்று தோன்றியது.

கடைசல்காரர்:
மெல்லிய வார்ப்புக்கு அது இயல்பு. முள் எழுப்பும் அதிர்வு இசைத்தட்டு வழியே தட்டில் இறங்கி, அங்கே ஒலித்துத் திரும்பினால் நாகசுரம் சற்றுக் கூர்மையாகக் கேட்கும். தட்டின் அடிப்பக்கத்தில் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுங்கள். மேலே தடித்த ரப்பர் அல்லது தக்கை விரிப்பு போடுங்கள். விரிப்பின் தடிமன் மாறினால் டோன்ஆர்மின் உயரத்தையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும்.