பதின்மூன்றாம் சீட்டு ‘ஒருநாளும்’ சாவைக் குறிக்காதா?

நிலாமதி (வெள்ளவத்தை):
பெரியம்மாவுக்கு இதயச் சத்திரசிகிச்சை நடக்கவிருந்த வேளையில், டாரட் எனும் படச்சீட்டுகளை வைத்துக் குறி பார்க்கும் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். நடுச் சீட்டாகப் பதின்மூன்றாவதான ‘மரணம்’ விழுந்தது. பெரியம்மாவின் முகம் வெளிறியதைக் கண்டதும், “இது ஒருநாளும் சாவைக் குறிக்காது, நல்ல மாற்றம் வருகிறது” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த சீட்டைத் திருப்பினார். திரும்பும் வழியில் பஸ்ஸில், காணி உறுதி எந்த அலுமாரியில் இருக்கிறது என்று பெரியம்மா எனக்குச் சொல்லத் தொடங்கினார். அந்த ‘ஒருநாளும்’ சரிதானா என்று அறிந்தவர்கள் கூறுங்கள்.

செங்கதிர் (கொட்டாஞ்சேனை):
சகோதரி, அவர் சொன்னது பெரும்பாலும் சரி. 1909இல் டாரட் நூலாசிரியர் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் வழிகாட்டலில் ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டைக் கவனியுங்கள். குதிரையேறிய எலும்புக்கூட்டு வீரன் ஏந்திவரும் கருங்கொடியில் வெள்ளை ரோஜா இருக்கிறது. தொலைவில் இரு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் ஒளிர்கிறது. அந்த ரோஜா உயிரைக் குறிப்பதாக வெயிட்டே தம் நூலில் விளக்குகிறார். மாற்றம், உயர்நிலைக்குக் கடந்து செல்லுதல் என்றும் எழுதுகிறார். மேலும், பெருஞ்சீட்டுகள் எனப்படும் முதன்மையான இருபத்திரண்டில் இதற்கு அடுத்து வருவது ‘நிதானம்’. எல்லாம் முடிந்துவிடும் என்பது பொருளானால், வரிசை இங்கேயே நின்றிருக்க வேண்டும்.

மறுகரை (தெஹிவளை):
செங்கதிர் ஐயா, நீங்கள் அந்த நூலில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். குறி பார்ப்பதற்கான பலன்களை வெயிட் வரிசைப்படுத்தும் பகுதியில் ‘முடிவு’ முதலாவதாகவும் ‘இறப்பு’ இரண்டாவதாகவும் நிற்கின்றன. படமும் அதையே சொல்கிறது: அரசன் மல்லாந்து விழுந்து கிடக்கிறான், பொன்னங்கி அணிந்த மதகுரு கைகூப்பி நிற்கிறார், மண்டியிட்ட இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், குழந்தை மட்டுமே குதிரையை அண்ணாந்து பார்க்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு வட இத்தாலியில் இச்சீட்டுகள் விளையாட்டுக்காகவே பிறந்தன. பரவலாகக் குறி சொல்லப் பயன்பட்டது பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில்தான். மிலானின் விஸ்கொந்தி-ஸ்ஃபோர்ஸா பிரபுக் குடும்பத்துக்காகத் தீட்டிய பழைய சீட்டில் எலும்புக்கூடு வில்லோடு நிற்கிறது. ரோஜாவும் இல்லை, சூரியனும் இல்லை. ஆகவே ‘ஒருநாளும்’ என்பதற்குச் சீட்டிலும் இடமில்லை, நூலிலும் இடமில்லை.

செங்கதிர்:
அப்படியானால் நோயாளியிடம் என்ன சொல்வீர்கள்? நம் சாத்திரிமார் எட்டாம் வீட்டைக் கொண்டுதான் ஆயுளைக் கணிக்கிறார்கள். ஆயினும், அனுபவமுள்ள எவரும் கண்ட பலனை முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அந்த நாகரிகம் டாரட் பார்ப்பவருக்கும் வேண்டும்.

மறுகரை:
சாவு வரும் என்று சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. சத்திரசிகிச்சையின் முடிவை எந்தச் சீட்டும் அறியாது. ஆகவே சாவு வரும் என்பதற்கு எவ்வளவு ஆதாரம் இல்லையோ, வராது என்பதற்கும் அவ்வளவே இல்லை. என் மனத்தை உறுத்துவது வேறு. அந்த அம்மாவின் பயம் முகத்தில் தெரிந்த கணத்தில், சீட்டுப் பார்த்தவர் ‘நல்ல மாற்றம்’ என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டார். “எது முடிந்துவிடுமென்று அஞ்சுகிறீர்கள்?” என்ற ஒரு கேள்வி போதும், காணி உறுதியைப் பற்றிய பேச்சு அந்த மேசையிலேயே வந்திருக்கும்.

செங்கதிர்:
அந்தப் பேச்சு அவர் நம்பும் பெறாமகளிடம் நடந்ததே முறை என்பேன். பணம் வாங்கிக்கொண்டு எதிரே அமர்ந்திருக்கும் அந்நியர் ஒருவர், இதய நோயாளியின் மரணபயத்தைக் கிளறிவிட்டு அரைமணி நேரத்தில் வாசல்வரை வந்து வழியனுப்பிவிடுவார். அன்றிரவு உறங்காமல் கிடப்பவருக்கு அவர் துணையிருக்கப் போவதில்லை. ‘ஒருநாளும்’ என்ற சொல்லை நானும் சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் கேள்வியையும் நானாகக் கேட்கமாட்டேன். “இது சாவா?” என்று அவரே கேட்டால், சீட்டுக்கு அது தெரியாது, சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியரிடம் கேளுங்கள் என்று நேராகச் சொல்வேன்.