உண்ணிக் கடிக்குப் பின் தடிப்பும் மூட்டு வீக்கமும்: லைம் நோயைக் கண்டறிவதில் எங்கே சறுக்குகிறது?

தோல் மருத்துவர்:

உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயோ என்று சந்தேகம் வந்ததும் முதல் நாளே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, தடிப்பு வந்து எத்தனை நாள் ஆகிறது, அது பெரிதாகிக்கொண்டே போகிறதா என்பதுதான்.

கடித்த 2 நாளுக்குள் சிவந்து, அரித்து, 5 செ.மீ.க்குள் நின்று, தானாக வாடிவிட்டால் அது உண்ணியின் எச்சிலுக்குத் தோல் காட்டும் ஒவ்வாமை. லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா கிருமியின் தடிப்பு அப்படி உடனே வராது. 3 முதல் 30 நாள் கழித்து, பெரும்பாலும் ஒரு வார வாக்கில் தலைகாட்டும். பிறகு நாளுக்கு நாள் விரிந்து 5 செ.மீ.யைத் தாண்டும். தொட்டால் லேசாகச் சூடு தெரியலாம். அரிப்பும் வலியும் குறைவு. ஓரத்தைப் பேனாவால் வரைந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, ஓரிரு நாளில் மறுபடி பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது.

புத்தகப் படத்தில் இருக்கும் வளையத்துக்குள் வளையத்தை எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். நிறைய தடிப்புகள் உள்ளும் புறமும் ஒரே சிவப்பாகத்தான் இருக்கும். கருத்த தோலில் அந்தச் சிவப்பும் எடுபடாது, கன்றிப்போன இடம் மாதிரி தெரியும். படர்தாமரை என்று களிம்பு கொடுத்து அனுப்புவதும் உண்டு. படர்தாமரையின் ஓரத்தில் செதிலும் அரிப்பும் இருக்கும், சுரண்டிப் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். லைம் தடிப்பில் செதில் பொதுவாக இருக்காது.

துணியை முழுக்க விலக்கிப் பார்க்க வேண்டும்: தொடை இடுக்கு, அக்குள், முழங்காலின் பின்குழி, குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் காதின் பின்னாலும். "உண்ணியே கடிக்கலையே" என்று நோயாளி அடித்துச் சொன்னாலும் அதை வைத்து ஒதுக்காதீர்கள். இளம் உண்ணி கசகசா அளவுதான், கடிப்பதும் வலிக்காது.

உண்ணி உள்ள பகுதியில் இருந்தவர், இலக்கணப்படி ஒரு தடிப்பு என்றால் ரத்தம் எடுக்காமலே சிகிச்சை தொடங்கலாம். பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இருவேளை, 10 நாள்.

ஆய்வகத்தில் இருப்பவர்:

டாக்டர் சொன்னதை எங்கள் பக்கத்திலிருந்து வழிமொழிகிறேன். தடிப்பு மட்டும் இருக்கும் கட்டத்தில், பரிசோதனை தேடும் ஆன்டிபாடி (கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதம்) போதுமான அளவு உருவாகியிருக்காது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நெகட்டிவ் வரும். அந்தத் தாளைப் பார்த்து "லைம் இல்லை" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் மோசமான விளைவு. தடிப்பு சந்தேகத்துக்கு இடமாக இருந்தால் இன்று ஒரு மாதிரி, 2 முதல் 3 வாரம் கழித்து இன்னொன்று. ஆனால் ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் போய்விட்டால் இரண்டாவதும் நெகட்டிவாகவே நிற்கலாம்.

பரிசோதனை இரண்டு படி. முதலில் எலைசா, ஆன்டிபாடி இருக்கிறதா என்று பொதுவாகப் பார்ப்பது. அது பாசிட்டிவ் அல்லது எல்லைக்கோட்டில் இருந்தால் மட்டும் வெஸ்டர்ன் பிளாட், கிருமியின் எந்தெந்தப் புரதத்துக்கு ஆன்டிபாடி இருக்கிறது என்பதைப் பட்டைகளாகக் காட்டுவது. அமெரிக்க அளவுகோலில், முதலில் உருவாகும் ஆன்டிபாடியான ஐஜிஎம்முக்கு 3 பட்டைகளில் 2, பிறகு வந்து நீடிக்கும் ஐஜிஜிக்கு 10 பட்டைகளில் 5 தெரிந்தால் பாசிட்டிவ். ஐரோப்பாவில் பொரேலியா இனங்களே வேறு என்பதால் அங்கே இந்தக் கணக்கை அப்படியே வைக்க முடியாது. 2019 முதல் பிளாட்டுக்குப் பதிலாக இரண்டாவது எலைசாவை வைக்கும் முறைக்கும் அமெரிக்காவில் அனுமதி உண்டு. பட்டை எண்ணும் தொல்லை இல்லை.

தகராறு பெரும்பாலும் ஐஜிஎம்மில்தான். 41 கிலோடால்டன் பட்டை கிருமியின் கசையிழைப் புரதம்; அதைப் போன்ற புரதம் வேறு பல பாக்டீரியாவிலும் இருப்பதால் நோயில்லாதவருக்கும் அந்தப் பட்டை விழும். மங்கலான பட்டையையும் எண்ணிக்கையில் சேர்த்துவிட்டால் பொய்ப் பாசிட்டிவ்தான் மிஞ்சும். கட்டுப்பாட்டுப் பட்டையைவிட வெளிறியதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அறிகுறி தொடங்கி 30 நாள் தாண்டிவிட்டால் ஐஜிஎம்மைப் பார்க்கவே வேண்டாம். சிபிலிஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ், ரூமட்டாய்டு மூட்டுவாதம், லூபஸ் எல்லாமே எலைசாவைக் குழப்பும்.

சிகிச்சை முடிந்ததும் "குணமாகிவிட்டதா பாருங்கள்" என்று மாதிரி அனுப்புவதற்கும் பொருள் கிடையாது. ஐஜிஜி ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

மூட்டு நோய் மருத்துவர்:

எங்களிடம் வரும்போது கதை தலைகீழ். கடித்து மாதக்கணக்காகியிருக்கும், தடிப்பை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு முழங்கால் உருண்டு வீங்கியிருக்கும். வீக்கத்தின் அளவுக்கு வலி இருக்காது. வற்றும், மறுபடி நிறையும். இந்தக் கட்டத்தில் ஐஜிஜி பலமாகப் பாசிட்டிவாக இருந்தே தீர வேண்டும். அது நெகட்டிவ் என்றால் லைம் மூட்டுவாதத்தைக் கைவிட்டு வேறு காரணத்தைத் தேடலாம். இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் ஒரே சீராக வீங்கினாலும் அப்படியே.

முழங்கால் நீரை எடுக்காமல் ஊகிக்காதீர்கள். அணு எண்ணிக்கை, படிகம், கிராம் சாயம், கல்ச்சர் நான்கும் போக வேண்டும். வெள்ளணுக்கள் பெரும்பாலும் 10,000 முதல் 25,000 வரை இருக்கும். சில சமயம் அதையும் வெகுவாகத் தாண்டி, சீழ் பிடித்த மூட்டு போலவே காட்டும். சாதாரண கல்ச்சரில் பொரேலியா வளராது, சீழ்க் கிருமியை விலக்கத்தான் அது. கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் கேட்பதானால் ஆன்டிபயாடிக்குக்கு முன்பே எடுங்கள், ஹெப்பாரின் குழாயில் வேண்டாம், அது வினையைத் தடுக்கும். பிசிஆர் நெகட்டிவ் என்பதால் மட்டும் நோயை விலக்க முடியாது. சிகிச்சைக்குப் பின் பாசிட்டிவ் வந்தாலும் செத்த கிருமியின் டிஎன்ஏ மிச்சமிருக்கலாம். 28 நாள் மாத்திரைக்குப் பிறகும் கொஞ்சம் வீக்கம் நிற்பதுண்டு. உடனே அடுத்த ஆன்டிபயாடிக்குக்குத் தாவ வேண்டாம்.

குழந்தைகள் நல மருத்துவர்:

ஒன்று சேர்க்க வேண்டும். காய்ச்சல் கடுமையாக இருந்து, வெள்ளணுவும் தட்டணுவும் (பிளேட்லெட்) குறைந்திருந்தால் லைம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அனாப்ளாஸ்மா, பபீசியா என்ற வேறு கிருமிகளும் அதே உண்ணியில் வரும், ரத்தப் பூச்சு பாருங்கள். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தொடங்கி உள்ளங்கைக்குப் பரவும் புள்ளிகள், உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான ரிக்கெட்சியாவைக் காட்டும். அதற்கும் முதல் வாரத்தில் ஆன்டிபாடி கிடைக்காது. முடிவுக்குக் காத்திருந்தால் உயிர் போகும், எட்டு வயதுக்குக் கீழே இருந்தாலும் டாக்சிசைக்ளின் அன்றே தொடங்க வேண்டும்.

தோல் மருத்துவர்:

விட்டுப்போன ஒன்று. ஐரோப்பாவில் இருந்து வந்த வயதானவருக்கு ஒரு காலில் மட்டும் நீலம் கலந்த சிவப்பு, மாவு போல் வீக்கம் என்றால் ரத்தக்குழாய் நோய் என்று தள்ளிவிட வேண்டாம், லைமின் பிந்தைய கட்டத் தோல் நோயாக இருக்கலாம். விட்டால் தோல் மெலிந்து, சுருங்கி, உள்ளே ரத்தக்குழாய்கள் தெரியும். அங்கே ஐஜிஜி உறுதியாகப் பாசிட்டிவாக இருக்கும். பயாப்சியைச் சிவந்து வீங்கிய இடத்திலிருந்து எடுங்கள், மெலிந்த தோலில் எடுத்தால் அழற்சி அணுக்கள் அதிகம் கிடைக்காது.