கைக்கு வந்த எகிப்தியப் பானைகளும் துணித்துண்டுகளும்: அனுபவப் பகிர்வு

நூல்கண்டு எழுதியது:

படச் சட்டத்தைப் பிரித்த அந்த மாலை இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. கோப்துத் துணி என்பது எகிப்தின் பழைய கிறித்தவர் காலத்துக் கல்லறைகளில் கிடைத்த நெசவு என்று இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என்னிடம் இருப்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு வட்டம். லினன் பாவில் கருநீலக் கம்பளி ஊடை கொடுத்து நெய்த முயல். லண்டன் ஏலமொன்றில் வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தேன். கண்ணாடியில் பூஞ்சை தெரிந்ததால் பின்பலகையைக் கழற்றினேன். துணியின் விளிம்பு தானாகக் கிழிந்ததல்ல, கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டது என்பதையும், வெட்டின் ஓரமாகத் தேயிலைச் சாறு ஊறியது போன்ற பழுப்புக் கறை இருப்பதையும் அப்போதுதான் கண்டேன். துணிப் பாதுகாப்பில் பணியாற்றும் தோழி, உடுத்திய உடையோடு புதைத்த உடலிலிருந்து கசிந்த கறை அது என்றார். 1880களில் எகிப்தின் அக்மீம் நகரத்து இடுகாடுகளைத் தோண்டிய நாளில், அங்கிகளில் பூவேலை உள்ள பகுதிகளை மட்டும் வெட்டியெடுத்து விற்று, வெற்று லினனை எறிந்துவிட்டார்கள் என்று படித்திருந்தேன்தான். ஆனாலும் அந்தக் கறையில் விரல் பட்ட பிறகு முயலை மறுபடி சுவரில் மாட்டக் கை வரவில்லை.

சாம்பல்வாய் எழுதியது:

என் கதையில் குற்றவாளி நானே. எகிப்தில் மன்னராட்சிக்கு முந்தைய நகாடா காலத்துக் குடுவை ஒன்று, உடல் சிவப்பு, வாய்ப்பகுதி மட்டும் கருப்பு. பழைய சேகரிப்பாளர் ஒருவரின் குடும்பத்தாரிடமிருந்து முறையான இரசீதோடு வாங்கியது. மேற்பரப்பில் உப்புப் பூத்திருந்ததால், உப்பை இறக்குவதற்காக இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் ஊறவைத்தேன். காலையில் குடுவையைத் தூக்கியபோது, அடிப்பகுதியில் மையால் எழுதியிருந்த எண் செதில் செதிலாக உரிந்து நீரில் மிதந்தது. அகழ்ந்தவர்கள் இட்ட கல்லறை எண் அது. அதைப் படம் எடுத்து வைக்கவும் எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஆங்கிலேயத் தொல்லியலாளர் பெட்ரி 1899இல் வரிசைக் காலக்கணிப்பை உருவாக்கியது இத்தகைய எண்களை நம்பித்தான். ஆண்டுக்கணக்கு எதுவும் கிடைக்காத சுமார் 900 கல்லறைகளுக்குத் தனித்தனிச் சீட்டு எழுதி, எந்தக் கல்லறையில் எந்த வகைக் கலம் இருந்தது என்பதைக் கொண்டு அச்சீட்டுகளை முன்பின்னாக அடுக்கினார். அலைபோன்ற கைப்பிடி கொண்ட சாடி காலப்போக்கில் ஒடுங்கி, கைப்பிடி வெறும் கோடாகத் தேய்ந்ததை அந்த அடுக்கே காட்டிக்கொடுத்தது. என் குடுவை எந்தச் சீட்டுக்கு உரியது என்பதை வாளித் தண்ணீரோடு செடிக்கு ஊற்றிவிட்டேன்.

இரசீதுமுக்கியம் எழுதியது:

கெய்ரோவின் கான் அல்கலீலி கடைத்தெருவில் ஒரு சிறுவன் செய்தித்தாளில் மடித்த துணித்துண்டை நீட்டினான். நான் வாங்காமல் வந்துவிட்டேன். என் அனுபவம் அவ்வளவே.

நூல்கண்டு அவர்களின் வருத்தம் எனக்கு மிகையாகப் படுகிறது. கறையை எண்ணிக் கலங்குவதைவிட, அத்துண்டு எகிப்தை விட்டு எப்போது வெளியேறியது என்பதை அவர் கேட்டிருக்க வேண்டும். கெய்ரோ அருங்காட்சியகமே 1979 வரை ஒரு விற்பனை அறை நடத்தியது. 1983இல் வந்த 117ஆம் எண் சட்டம்தான் பழம்பொருள் வணிகத்தை அடியோடு தடை செய்தது. ஆகவே அதற்கு முந்தைய ஏற்றுமதித் தாளோ, நாள் குறித்த பழைய ஏலப் பட்டியலோ இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது. 'சுவிட்சர்லாந்துத் தனிச்சேகரிப்பு' என்ற ஒரு வரியை ஆவணமாக ஏற்கக்கூடாது. துணியைக் கூடத்தில் மாட்டுவதே தவறு. 50 லக்ஸுக்கு (ஒளிச்செறிவின் அலகு) மேற்பட்ட ஒளி சாயத்தைத் தின்றுவிடும். பசை ஆகாது, அமிலமற்ற அட்டைதான் வேண்டும், மடிக்காமல் கிடத்தி வைக்க வேண்டும். பானையின் அடியில் எழுத்து உண்டா என்று பார்த்த பிறகே தண்ணீரைத் தேட வேண்டும். இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

தர்கான்நினைவு எழுதியது:

கேட்காத அறிவுரை போதும், ஐயா. நூல்கண்டு அவர்களின் தோழி சொன்னதன் எடை எனக்கு லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்தில் விளங்கியது. அங்குள்ள தர்கான் ஆடை, எகிப்தின் தர்கான் இடுகாட்டில் 1913இல் ஓர் அழுக்கு லினன் குவியலோடு கிடைத்து, 1977 வரை யாராலும் அறியப்படாமல் அந்தக் குவியலுக்குள்ளேயே இருந்தது. பிற்காலத்தில் நடந்த கதிரியக்கக் கரிமக் கணிப்பு அதைக் கி.மு. 3482க்கும் 3102க்கும் இடைப்பட்டதாகக் காட்டியது. கழுத்தும் மடிப்புக் கைகளும் அழகுதான். ஆனால் என்னை நிறுத்தியது முழங்கையிலும் அக்குளிலும் விழுந்திருந்த சுருக்கம். யாரோ உடுத்தி நடமாடிய சுருக்கம் அது. ஆடை உட்புறம் வெளியே திரும்பிய நிலையில் கிடைத்ததாம், நாம் சட்டையைத் தலைவழியே கழற்றி எறிவோமே, அப்படி. ஒரு வணிகர் கைக்கு முதலில் போயிருந்தால் வெளுத்துத் தேய்த்து விற்றிருப்பார்.

சாம்பல்வாய் எழுதியது:

நேற்றிரவு குடுவையைக் கவிழ்த்துவைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தோம். நான்கு போன்ற ஓர் எண்ணின் தடம் தெரிவதாக என் மனைவி உறுதியாகச் சொல்கிறார். எனக்குத் தெரியவில்லை.