வளைகாப்பும் வெந்நீர் ராடும்

மீனா: ஞாயிறு விடியற்காலை சம்பந்தி வீட்டார் 14 பேர் பாண்டியனில் இறங்குகிறார்கள். கீசர் போன வாரமே போய்விட்டது. இருக்கும் ராடும் போர் தண்ணீரில் வெள்ளையாக உறை கட்டிக் கிடக்கிறது. ஒரு வாளி சுட முக்கால் மணி நேரம்.

பாலாஜி: ராடா, முருங்கைக்காயா

சுமதி: வினிகரில் ஊற வை மீனா

திவ்யா: சமையல் சோடாவும் போடு அம்மா, பொங்கி வரும். ரீல்ஸில் பார்த்தேன்

ரவி: யாரும் எதையும் ஊற்ற வேண்டாம். படிவு எத்தனை கிராம்?

பாலாஜி: மாமா ஆரம்பித்துவிட்டார்

மீனா: அதே மாதிரி புது ராடு பெட்டியில் இருந்தது அண்ணா. இரண்டையும் சமையல் தராசில் வைத்தேன். 50 கிராம் வித்தியாசம்

ரவி: சபாஷ். அவ்வளவும் கால்சியம் கார்பனேட் என்று வைத்துக்கொள். மோல் என்பது டஜன் மாதிரி, வேதியியலில் துகள்களை எண்ணும் அளவு. இதில் ஒரு மோல் 100 கிராம், உன்னிடம் இருப்பது அரை மோல். ஒரு மோல் கார்பனேட்டுக்கு வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் இரண்டு மோல் வேண்டும், மோலுக்கு 60 கிராம். ஆக உனக்கு 60 கிராம் அமிலம். 4 சதவீத வினிகர் அரை லிட்டரில் 20 கிராம்தான் இருக்கும். மூன்று பாட்டில் வாங்கு. திவ்யா, ஒரு பாட்டிலில் 28 கிராம் சோடா போட்டாலே அமிலம் முழுவதையும் அது தின்றுவிடும். ராடுக்கு ஒன்றும் மிஞ்சாது.

சுமதி: கல்யாணப் பாயசத்துக்குக் கணக்கு போட்டவரும் இவர்தான்

ரவி: 350 இலை என்றீர்கள், 420 விழுந்தது. பால் இருந்தது, சேமியா தீர்ந்தது. எது முதலில் தீர்கிறதோ அங்கேயே வினை நின்றுவிடும்.

திவ்யா: என் மாமியார் இன்னும் அதைச் சொல்கிறார்

கோபால்: புடவை பச்சையா, அரக்கா?

மீனா: எலுமிச்சை உப்பு 100 கிராம் வீட்டிலேயே இருக்கிறதே

ரவி: அதுவும் ஆகும், அது சிட்ரிக் அமிலம்தான். 3 மோல் கார்பனேட்டுக்கு 2 மோல் சிட்ரிக் அமிலம். உனக்கு 70 கிராம் போதும், 100ஐயும் போடு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளாஸ்டிக் வாளியில், வெந்நீரில். சுருள் மட்டும் முங்கட்டும்.

பாலாஜி: ராடைக் கழுவ வெந்நீர், வெந்நீருக்கு ராடு

பாலாஜி: ஆமாம், பெட்டியில் இருக்கும் புது ராடைப் போட்டால் என்ன?

மீனா: அது அண்ணி கொடுத்தது. நல்ல நாளில் எடுக்கலாம் என்று வைத்திருந்தேன்

சுமதி: கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்தது. நான்கு வருடம் ஆகிறது

மீனா: இப்போது பிரித்தாயிற்றே அண்ணி

சுமதி: எடை போட

கோபால்: அரக்கு என்று சொல்லிவிட்டேன்

ரவி: வினிகரா, எலுமிச்சை உப்பா?