கொழும்பு வெயிலிலும் பொன்னிற முடி மங்காமல் இருக்க

ப்ளீச் செய்து பொன்னிறமாக்கிய முடியைப் பராமரிக்க, கொழும்புப் பக்கத்து நான்கு இடங்களிலிருந்து சில குறிப்புகள்.

வெள்ளவத்தையிலிருந்து:
எதையும் பூசுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் முடியைப் பாருங்கள். குளியலறை பல்ப் ஏமாற்றும். வாழைப்பழத் தோலின் உட்பக்கம் போன்ற மஞ்சளா, செம்மஞ்சளா என்று முதலில் தெரியவேண்டும். மஞ்சளை ஊதா அடக்கும், செம்மஞ்சளை நீலம் அடக்கும். எங்கள் கறுப்பு முடியை ஒரே தடவை ப்ளீச் செய்தால் பெரும்பாலும் செம்மஞ்சளில்தான் நிற்கும். அதற்கு எத்தனை போத்தல் பர்ப்பிள் (ஊதா) ஷாம்பு முடித்தாலும் பிரயோசனம் இல்லை, நீல ஷாம்புதான் வேண்டும்.

பர்ப்பிள் ஷாம்பு விலை கூட. ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெள்ளைக் கொண்டிஷனர் கலந்தால் ஒரு போத்தல் மாதக்கணக்கில் வரும், நிறம் திட்டுத் திட்டாகவும் பிடிக்காது. தலை கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, மஞ்சள் கூடின இடத்தில் தொடங்கிப் பூசுங்கள். நுனிக்குக் கடைசியில். 3 நிமிடம் போதும், வாரம் ஒருமுறை. நுனி பழைய ப்ளீச்சில் அடிபட்டது, சாயத்தை உடனே இழுத்துவிடும். முதலில் அங்கே பூசினால் சாம்பல் ஊதாவாகத் தெரியும். அப்படி ஆனால் பொடுகு ஷாம்புவால் இரண்டு தடவை கழுவ இறங்கும். டோனரையும் (ப்ளீச்சுக்குப் பிறகு நிறத்தைச் சரிசெய்யப் பூசும் சாயம்) சேர்த்துக் கழற்றிவிடும் என்பதால் மற்ற நாட்களில் பொடுகு ஷாம்பு வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
நிறம் கெடுவதற்கு வீட்டு எண்ணெய்ப் போத்தலும் ஒரு காரணம். கரிசலாங்கண்ணி, மருதாணி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் கறுப்பு முடிக்கு அருமை. ப்ளீச் முடியில் அதன் பச்சை ஏறி நிற்கும். சீயக்காய் பழுப்படிக்கும், நல்லெண்ணெய் மஞ்சள் படலம் விடும். அம்மா எவ்வளவு வற்புறுத்தினாலும் இவை வேண்டாம்! நிறமில்லாத தேங்காய் எண்ணெய் மட்டும் போதும்: 2 தேக்கரண்டி, கழுவுவதற்கு ஒரு மணித்தியாலம் முன். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கும் என்று 2003இல் வந்த ஆய்வொன்று காட்டியது. மினரல் ஒயிலுக்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தப் பலன் இருக்கவில்லை.

தெஹிவளையிலிருந்து:
நீச்சல் தடாகத்தில் முடி பச்சையாவதற்குக் குளோரினைத் திட்டுவோம். நிறம் செம்பினுடையது: பாசி வராமல் போடும் மயில்துத்தம். இறங்குமுன் நல்ல தண்ணீரால் முடியை முழுக்க நனைத்து, கொண்டிஷனர் தடவிக் கட்டுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி தடாகத்துத் தண்ணீரைக் குறைவாகவே இழுக்கும்.

பச்சை ஏறிவிட்டால் பாமசியில் வெள்ளை விற்றமின் சி மாத்திரை, 500 மி.கி., 6 வாங்கி நன்றாகப் பொடியாக்கி 2 மேசைக்கரண்டி ஷாம்புவில் குழைத்து, ஈர முடியில் 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். தோடம்பழச் சுவை மாத்திரை வேண்டாம், அதில் சீனியும் சாயமும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை வாளியில் இரவு வைத்தால் அடியில் துருநிறம் படிகிறதா? அந்த இரும்பு ஏறிய முடிக்கும் இதே முறைதான். விற்றமின் சி டோனரையும் இறக்கும். ஆகவே இதைச் செய்த பிறகே ஊதா ஷாம்பு.

பம்பலப்பிட்டியிலிருந்து:
தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் நிற்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ப்ளீச் முடி வைக்கோலாகும். சாறு வழிந்த நெற்றியிலும் கழுத்திலும் வெயில் பட்டால் தோல் எரிந்து கொப்புளிக்கும், கறுப்புத் தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். அப்பச்சோடாவும் கூடாது, அது காரம், முடியின் செதில்களைக் கிளப்பிவிடும். பளபளப்புக்கு நிறமில்லாத தேங்காய் வினாகிரி 1 மேசைக்கரண்டி, 1 லீற்றர் தண்ணீரில், கடைசி அலசலாக. கமோமைல் தேநீர் லேசான தங்கநிறம் தரும், அதனால் சாம்பல் பொன்னிறம் வைத்திருப்பவர்களுக்குச் சரிவராது.

இன்னொன்று, முடியை நேராக்கும் அயன். டோனர் போட்ட அன்றே 200 பாகையில் இழுத்தால் முன்பக்க முடி மஞ்சளாகும். 150ஐத் தாண்டாமல், முடி முழுக்கக் காய்ந்த பிறகு, ஒரே இழுவையில் முடியுங்கள்.