ஆத்தங்குடிப் பூக்கல் பட்டறையின் இணையதளம் கூகுளில் தென்படவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆத்தங்குடிப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் எங்கள் குடும்பம் பூக்கல் (தரையில் பதிக்கும் சிமெண்டு டைல்ஸ்) பட்டறை நடத்திவருகிறது. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, காய்ந்த கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் பழைய கைவேலை முறைதான் எங்களுடையது. அப்பா காலத்தில் வேலை எல்லாம் கொத்தனார்கள், மேஸ்திரிகள் வாய்மொழியாகவே வந்து சேர்ந்தது. இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் வீடு கட்டுகிறவர்களும் கட்டட வடிவமைப்பாளர்களும் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பட்டறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கூகுள் சிறு வணிகர்களுக்கு இலவசமாக அளித்துவந்த ஒற்றைப்பக்கத் தளச் சேவை 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்ட பிறகு, சொந்தமாக டொமைன் (இணைய முகவரி) வாங்கி, வேர்ட்பிரஸ் என்னும் தளம் அமைக்கும் மென்பொருளில் ஒரு தளம் அமைத்தோம். முகப்பில் பெரிய படங்கள், எல்லா வடிவங்களும் அடங்கிய பிடிஎஃப், தொலைபேசி எண் ஆகியவை உள்ளன. பட்டறையின் பெயரைத் தட்டினால் தளம் வருகிறது. ‘ஆத்தங்குடி டைல்ஸ்’ என்று தேடினால் எத்தனை பக்கம் தள்ளினாலும் வருவதில்லை. வணிகப் பட்டியல் தளங்களும், எங்கள் வடிவங்களை அச்சடித்து விற்கும் செராமிக் கடைகளுமே முன்னால் நிற்கின்றன.

இந்த நிலையில் ஒரு நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்து, மாதாமாதம் கட்டணம் செலுத்தினால் முதல் பக்கத்தில் முதலிடம் உறுதி என்றும், நூற்றுக்கணக்கான தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு இணைப்பு வாங்கித் தருவதாகவும் சொல்கிறார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளலாமா? அல்லது பட்டறையில் இருப்பவர்களே செய்துகொள்ளக்கூடிய வேலை ஏதேனும் உண்டா?

பதில்: காரைக்குடி வலைநிரலர்

முதலிடம் உறுதி என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கூகுள் தேடலில் முதலிடத்தை எவராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. தேடலில் முன்னேறுவதற்காகக் காசுக்கு வாங்கும் இணைப்புகளை அது மோசடி இணைப்புகளாகவே கருதுகிறது. அவை பயனற்றுப் போவது ஒருபுறமிருக்க, தளத்தின்மீது நடவடிக்கை வந்தால் அதைச் சரிசெய்யும் அலைச்சல் உங்களுக்குத்தான் வரும், விற்றவருக்கு அல்ல.

எதையும் திருத்துமுன், கூகுளிடம் உங்கள் தளத்தின் எந்தெந்தப் பக்கங்கள் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். தேடல் பெட்டியில் ‘சைட்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் இட்டு, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைத் தட்டினால் ஓரளவு தெரிந்துவிடும். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் சர்ச் கன்சோல் என்னும் இலவசக் கருவியில் தளத்தைப் பதிவு செய்ய வேண்டும். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் ‘வாசிப்பு’ என்ற பகுதிக்குச் சென்று, தேடுபொறிகள் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்ற பெட்டியில் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். தளம் கட்டும்போது இட்ட அந்தக் குறியை எடுக்காமலேயே ஒப்படைத்துவிடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பதுதான்.

பதில்: ஆத்தங்குடிப் பட்டறை

மிக்க நன்றி, அண்ணன். அந்தப் பெட்டியில் குறி இல்லை. ஆனால் தேடிப் பார்த்தபோது எங்கள் முகப்பும், தொடர்புப் பக்கமும், ‘ஹலோ வேர்ல்டு’ என்ற தலைப்பில் நாங்கள் எழுதாத ஒரு பக்கமும் மட்டுமே வந்தன. வடிவங்கள் எவையும் இல்லை. முகப்பின் பெயர்கூட வெறுமனே ‘ஹோம்’ என்றுதான் தெரிகிறது.

பதில்: காரைக்குடி வலைநிரலர்

நோய் அங்கேதான் இருக்கிறது, தம்பி. ‘ஹலோ வேர்ல்டு’ என்பது வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கும் மாதிரிப் பக்கம்; அதை நீக்கிவிடுங்கள். உங்கள் தளத்தையும் திறந்து பார்த்தேன். படத்தொகுப்பில் ‘மேலும் காண்க’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் வடிவங்கள் வருகின்றன. தளங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரல் பொத்தான்களை அழுத்திப் பார்ப்பதில்லை. முகவரியுடன் கூடிய இணைப்புகளை மட்டுமே பின்தொடரும். பிடிஎஃபை அது படிக்கும் என்றாலும், எல்லா வடிவங்களும் ஒரே கோப்பில் இருக்கும்போது, சிவப்பும் கறுப்பும் கலந்த கட்டம் போட்ட கல்லைத் தேடி வருபவருக்கு அந்த ஒரு வடிவத்தை எடுத்துக் காட்டத் தனி முகவரி என்று எதுவும் இல்லை. ஆகவே உங்கள் தளம் பின்தங்கியிருக்கிறது என்பதைவிட, தேடுபவருக்குக் கொடுக்க அதில் எழுத்து வடிவில் ஏதும் இல்லை என்பதே சரி.

யார் தேடி வர வேண்டும் என்பதை அடுத்ததாகத் தீர்மானியுங்கள். கானாடுகாத்தானில் தங்கி, பட்டறையைப் பார்க்க விரும்பும் சுற்றுலாப் பயணி ஒருவகை. பெங்களூரில் அமர்ந்து இரண்டாயிரம் சதுர அடிக்குக் கல் வாங்க நினைக்கும் வடிவமைப்பாளர் இன்னொரு வகை. முதல் வகையினருக்குக் கூகுள் வரைபடத்தில் வரும் வணிக விவரப்பக்கம் உதவும். அந்த வரிசையைத் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் பார்த்துக் கூகுள் தீர்மானிக்கிறது. பெங்களூரில் இருப்பவருக்குத் தொலைவு காரணமாகவே நீங்கள் அங்கே பின்னால் போய்விடுவீர்கள். அவரை உங்களிடம் கொண்டுவரக்கூடியவை தளத்தின் பக்கங்கள்தாம். உங்களுக்குப் பெரிய வேலை தருபவரும் அவர்தான் என்பதால் உழைப்பின் பெரும்பகுதியை அங்கே செலவிடச் சொல்வேன்.

‘ஆத்தங்குடி டைல்ஸ்’ என்ற பொதுச் சொல்லுக்காகப் பெரிய பட்டியல் தளங்களோடு இப்போதே மல்லுக்கட்ட வேண்டாம். வாங்கப் போகிறவர் அதைவிட நீளமான கேள்வியோடுதான் வருவார்: குளியலறைக்குப் போடலாமா, மாடிப்படிக்கு ஏற்றதா, பதித்தபின் எப்படித் துடைப்பது, கறை பட்டால் என்ன செய்வது, நூறு சதுர அடிக்கு எத்தனை கல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் நீங்கள் தினமும் வாட்ஸ்அப்பில் பதில் எழுதிக்கொண்டுதான் இருப்பீர்கள். அந்தப் பதில்களைத் தேடி எடுத்து, விரித்து எழுதினால் உங்கள் தளத்தில் இல்லாத பக்கங்கள் கிடைத்துவிடும். பத்து அங்குலக் கல் என்றால் நூறு சதுர அடிக்கு 144, எட்டு அங்குலக் கல் என்றால் 225, பன்னிரண்டு அங்குலக் கல் என்றால் சரியாக 100 என்ற கணக்கையும், உடைசலுக்கு எவ்வளவு கூடுதலாக வாங்கச் சொல்வீர்கள் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சிமெண்டுக் கல்லை அமிலம் அரித்துவிடும் என்பதால் கழிவறைக்கு வாங்கும் அமிலத் திரவத்தைத் தரையில் ஊற்றக் கூடாது என்ற எச்சரிக்கையை அச்சடித்த செராமிக் விற்பவர் எழுத மாட்டார். அந்தக் கவலை அவருக்கு இல்லை. உங்கள் கல் சூளையில் சுடப்படுவதில்லை, கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகத்துக்கு வருகிறது என்பதையும் படங்களுடன் விளக்கினால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேடுகிறவரும் உங்களிடம் வந்து சேர்வார்.

ஒவ்வொரு வடிவத்துக்கும், முடியாவிட்டால் ஒவ்வொரு வடிவக் குடும்பத்துக்கும், தனிப் பக்கம் வையுங்கள். அதன் தலைப்பு வரியில் ‘ஹோம்’, ‘கேலரி’ என்று இல்லாமல் வடிவம், அளவு, ஊர், பட்டறையின் பெயர் ஆகியவை இருக்கட்டும். படத்துக்கான மாற்று உரையில் (படத்தை விவரிக்கப் பக்கத்தின் நிரலில் சேர்க்கும் வரி) சொற்களைக் கொட்டிக் குவிக்காமல், ‘வளவைச் சுற்றிய நடையில் பதித்த சிவப்பு மஞ்சள் பூக்கல்’ என்று கண்ணில் படுவதை எழுதுங்கள். கீவேர்ட் என்ற மறைவுக் குறிச்சொல்லை நிரப்பித் தருகிறேன் என்று எவரேனும் வந்தால், வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டதைச் சொல்லி அனுப்பிவையுங்கள்.

‘சென்னையில் ஆத்தங்குடி டைல்ஸ்’, ‘கோவையில் ஆத்தங்குடி டைல்ஸ்’ என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை இருபது முறை போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தேடுபொறிக்காக மட்டும் கட்டப்படும் இத்தகைய வாசல் பக்கங்களைக் கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. அதற்குப் பதில், கற்களை எப்படி அடுக்கிக் கட்டுகிறீர்கள், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, வெளியூருக்கு லாரிச் செலவு எப்படிக் கணக்கிடப்படும் என்று ஒரே பக்கத்தில் விரிவாக எழுதுங்கள்.

படங்களையும் சுருக்க வேண்டும். இப்போது கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். அகலத்தை 1200 பிக்சல் அளவுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்னும் படக்கோப்பு வடிவில் சேமித்தால் கண்ணுக்குப் பெரிதாக வேறுபாடு தெரியாது. பக்கத்தின் முதன்மைப் படம் இரண்டரை வினாடிக்குள் தெரிந்தாக வேண்டும் என்பது கூகுள் வகுத்திருக்கும் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கருவியில் முகவரியை இட்டால் உங்களுடையது எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று காட்டும். கூகுள் கைப்பேசியில் தெரியும் பக்கத்தையே அடிப்படையாக வைத்துப் பட்டியலிடுவதால், கணினியில் மட்டும் திறந்து பார்த்துத் திருப்தி அடைந்துவிட வேண்டாம்.

பதில்: பலகாரக்கடை ஆச்சி

காரைக்குடியில் சீப்புச் சீடையும் மனகோலமும் தேன்குழலும் செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் சிறிய கடை எங்களுடையது. மேலே எழுதியவர் வரைபடத்துக்குச் சற்றுக் குறைவாகவே மதிப்புக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஊருக்கு வந்த இடத்தில் வரைபடத்தைப் பார்த்துக் கடைக்கு வருகிறவர்கள், திரும்பிப் போனபின் அங்கிருந்து வாங்கத் தொடங்குகிறார்கள். பூக்கலுக்கும் அப்படித்தான் இருக்கும். பட்டறையை நேரில் பார்த்துவிட்டுப் போன வெளியூர்க்காரர் வீடு கட்டும்போது வேறு எங்கே போவார்?

விவரப்பக்கத்தில் கடையின் பெயரைப் பலகையில் உள்ளபடியே எழுதுங்கள். பெயரோடு ‘சிறந்த டைல்ஸ், மலிவு விலை’ என்றெல்லாம் சேர்ப்பது விதிக்கு மாறானது. வரைபடக் குறி பட்டறை வாசலில்தான் விழுகிறதா என்று வெளியூர் ஓட்டுநர் ஒருவரைக் கொண்டு சரிபாருங்கள். மதிப்புரை எழுதினால் தள்ளுபடி என்று சொல்லக் கூடாது. அதையும் கூகுள் அனுமதிப்பதில்லை. குறை சொல்லி எழுதுகிறவர்களுக்கும் பொறுமையாகப் பதில் எழுதுங்கள், அடுத்து வருகிறவர் முதலில் படிப்பது அதைத்தான்.

இன்னொன்று, விலையைத் தளத்தில் போடுங்கள். நாங்கள் கிலோ விலையை எழுதிவைத்த பிறகு, வெறும் விலை கேட்டு மட்டும் வரும் அழைப்புகள் குறைந்தன.

பதில்: கானாடுகாத்தான் விடுதி

எங்கள் விடுதியில் தங்குகிறவர்கள் காலையில் எழுந்ததும் தரையைப் பார்த்துவிட்டு, இந்தக் கல் எங்கே செய்கிறார்கள், போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்பது வழக்கம். எங்கள் தளத்தில் சுற்றுப்புறத்தில் காண வேண்டிய இடங்கள் என்று ஒரு பக்கம் இருக்கிறது. பார்வையாளர்களை எந்த நேரத்தில் அனுமதிப்பீர்கள், எந்த நாளில் வேலை நடக்காது, குழந்தைகளை அழைத்துவரலாமா என்ற விவரங்களோடு உங்கள் தளத்தில் ஒரு பக்கம் அமைத்தால், அதற்கு இணைப்புக் கொடுக்க எங்களுக்குத் தடையில்லை. வெறும் முகப்புக்கு இணைப்புக் கொடுத்தால் விருந்தினர்கள் மறுபடியும் எங்களிடமே வந்துதான் கேட்பார்கள்.

பதில்: ஆத்தங்குடிப் பட்டறை

அனைவருக்கும் நன்றி. ஆச்சி சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பலகாரத்துக்குக் கிலோவுக்கு ஒரு விலை. எங்களுக்கு வண்ணத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் ஏற்ப விலை மாறும். பக்கத்துப் பட்டறையாரும் பார்ப்பார்கள். இரண்டாவதாக, பக்கங்களைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?

பதில்: காரைக்குடி வலைநிரலர்

பக்கத்துப் பட்டறையாருக்கு உங்கள் விலை இப்போதே தெரியும், தம்பி. தெரியாதவர் வாங்குகிறவர் மட்டுமே. துல்லியமான விலை வேண்டாம்; இரண்டு வண்ணக் கல் சதுர அடிக்கு இந்த அளவிலிருந்து தொடங்கும், வண்ணம் கூடினால் இன்ன காரணத்தால் கூடும், பதிக்கும் கூலி தனி என்று எழுதினால் போதும். விலையைத் தேடுகிறவருக்கு வேண்டியதும் அந்த அளவுதான். ஆச்சி வரைபடத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆத்தங்குடிக்கு வரும் கூட்டத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. விடுதியார் கேட்கும் பக்கத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதிவிடுங்கள். தேடி வருகிற உண்மையான இணைப்பு அது. அந்த நிறுவனம் விற்க முன்வந்த நூற்றுக்கணக்கான இணைப்புகளைவிட அது மதிப்புடையது. உங்கள் கல்லைப் பதித்த வீடுகளின் வடிவமைப்பாளர்களிடமும், அவர்கள் தளத்தில் அந்த வீட்டின் படத்தை இடும்போது கல் வந்த இடத்தைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்கலாம்.

மொழியைப் பொறுத்தவரை, பெங்களூர்க்காரர் ஆங்கிலத்தில்தான் தேடுவார் என்பதால் வாங்குவோருக்கான பக்கங்களை முதலில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆத்தங்குடி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் பலர் பலவிதமாக எழுதினாலும் அதற்காகத் தனித்தனிப் பக்கம் தேவையில்லை. கூகுள் பெரும்பாலும் அவற்றை ஒன்றாகவே புரிந்துகொள்கிறது. பராமரிப்பு, அளவுக் கணக்கு ஆகிய பக்கங்களைத் தமிழிலும் எழுதுங்கள்; கொத்தனார்களும் உள்ளூரில் வீடு கட்டுவோரும் படிப்பார்கள். இரண்டு மொழியையும் ஒரே பக்கத்தில் கலக்காமல் தனித்தனி முகவரியில் வைத்து, ஒன்றுக்கொன்று மொழிமாற்று என்பதை ஹெச்ரெஃப்லேங் குறியால் தெரிவிக்க வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் இதற்கான செருகுநிரல்கள் இருக்கின்றன. கருவி மொழிபெயர்த்ததைத் திருத்தாமல் ஏற்றிவிடாதீர்கள், அச்சு என்பதை அச்சகம் என்று எழுதி வைத்துவிடும்.

பக்கங்கள் தயாரானதும், தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பைச் சர்ச் கன்சோலில் சமர்ப்பியுங்கள். பலன் தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம் என்பதால் தினமும் திறந்து பார்த்து மனம் சோர வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை அதில் தேடல் சொற்களின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பக்கம் பலமுறை காட்டப்பட்டும் யாரும் சொடுக்காத சொற்கள் இருந்தால், அந்தப் பக்கத்தின் தலைப்பு வரியைத் திருத்துங்கள். நீங்கள் எழுதாத கேள்விக்குப் பொருந்தாத பக்கம் காட்டப்பட்டிருந்தால், அடுத்து எழுத வேண்டிய பக்கம் எது என்று தெரிந்துவிடும். 16 மாதத் தரவுகளை அது வைத்திருக்கும் என்பதால், கல் வாங்கும் பருவம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதையும் அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பதிவு செய்வதில் சிக்கல் வந்தால் இங்கேயே எழுதுங்கள். சர்ச் கன்சோல் தரும் ஒரு வரியை டொமைன் வாங்கிய இடத்தின் அமைப்புகளில் சேர்த்தால், தளம் உங்களுடையது என்று நிரூபித்துவிடலாம்.