புதுப்பிப்பு: வளரும் குட்டிகளுக்கு மர இலைத்தூள்

கோடையில் காய்ந்த புல்லை மட்டும் தின்று ஆட்டுக்குட்டிகள் எடை ஏறாமல் நிற்கின்றன, மர இலையைக் காயவைத்துத் தூளாக்கிக் கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, எடை ஏறுகிறது.

காய்ந்த புல்லில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் இரைப்பை நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும்; நார் செரிக்காது, தீவனம் எடுப்பதும் குறையும். சூபாபுல், கிளைரிசிடியா, முருங்கை இலைகளில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். இந்தத் தூளைச் சேர்த்தால் நுண்ணுயிர்களுக்குப் புரதம் கிடைத்து, புல்லே நன்றாகச் செரிக்கிறது. பாதிப் பலன் அதுதான் என்பேன்.

சூபாபுல் பற்றிப் பலர் எச்சரித்தீர்கள், சரிதான். அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள் அதிகமானால் முடி கொட்டும், தைராய்டு வீங்கும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடுவதில்லை.

கிளைரிசிடியா வாடைக்கு முதலில் மூஞ்சியைத் திருப்பின. தவிட்டில் கொஞ்சமாகக் கலந்து பழக்கினேன், இப்போது முட்டி மோதுகின்றன! தூள் பறந்தால் தும்முகின்றன, அதனால் லேசாகத் தண்ணீர் தெளித்தே வைக்கிறேன்.

அப்புறம், காயவைப்பது நிழலில்தான். கையில் நொறுங்கும் பதம் வராமல் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.